உருளையின் மேல் என் கை

தேயிலைக் கம்பெனியில் வேலை என்று சொன்னால் எல்லோருக்கும் கூடைதான் நினைவுக்கு வருகிறது. கோயமுத்தூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், "நீங்க கொழுந்து பறிக்கிறீங்களா?" என்று ஆசையாகக் கேட்பார். இத்தனை ஆண்டுகளில் நான் ஒரு கொழுந்துகூடப் பறித்ததில்லை. என் வேலை மஞ்சூர் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட ஒரு பேக்கிங் கூடத்தில். அங்கே நான் ஓர் உருளையை அழுத்திக்கொண்டு நின்றேன். ஓர் ஆயுத பூஜைக்கும் அடுத்த பூஜைக்கும் நடுவில் என் வலது உள்ளங்கைக்கு வேறு வேலையே கிடையாது.

அந்த உருளையைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது.

பாக்கெட் போட்டு, அட்டைப் பெட்டியில் அடுக்கிய தேயிலை, வரிசையாக நிற்கும் இரும்பு உருளைகளின் மேல் சரிந்து வரும். கடைசியில் டேப் ஒட்டும் இயந்திரம். அதற்குள் ஒவ்வொரு பெட்டியாகத்தான் போகவேண்டும் என்பதால் வழியை மறித்து ஒரு தகடு நிற்கும். தகட்டுக்கு முன்னால் இருக்கும் உருளைக்கு மட்டும் அடியில் ஸ்பிரிங்கும் ஒரு சுவிட்சும் உண்டு. பெட்டி வந்து ஏறியதும் அதன் கனத்தில் உருளை தாழும், சுவிட்ச் அமுங்கும், தகடு 'டக்' என்று இறங்கி வழிவிடும். பெட்டி போனதும் மறுபடி எழும். கடைகளுக்குப் போகும் சாதாரணத் தூள் பெட்டிக்கு இது அழகாக வேலை செய்தது.

கோளாறு பரிசுப் பெட்டியால் வந்தது. ஊட்டிக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்காகவும் தீபாவளிப் பரிசுக்காகவும் எங்கள் மேனேஜர் வெள்ளைத் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். பெட்டி பார்க்கப் பெரியது. பூப்போட்ட மூடி, உள்ளே மடித்த காகிதம், நடுவில் ஒரு கைப்பிடி தேயிலை மொட்டு. மீதியெல்லாம் காற்று. அது உருளை மேல் வந்து நிற்கும், உருளை அசையாது. இயந்திரத்தைப் பொறுத்தவரை அங்கே எதுவும் வரவில்லை. பின்னால் வரும் கனமான பெட்டிகள் முட்டித் தள்ளும். பூப்போட்ட மூடி நசுங்கும். சில சமயம் பெட்டி எகிறிக் கீழே விழும்.

ஸ்பிரிங்கைத் தளர்த்திப் பார்த்தார்கள். அப்போது உருளைகளின் அதிர்வுக்கே சுவிட்ச் அமுங்கி, பெட்டி இல்லாமலே தகடு ஏறி இறங்கியது. பெட்டி மேல் ஒரு எடைக்கல்லை வைத்து அனுப்பினார்கள். மூடியில் குழி விழுந்தது. இருப்பது தெரியாத இயந்திரமா, இல்லாததை இருப்பதாக நினைக்கும் இயந்திரமா, இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று ஆனது.

இதற்கு நடுவில் என் கை எப்படி வந்தது என்பதுதான் கொடுமை.

அந்த உருளை வரிசையை ஆயுத பூஜை அன்றுதான் முதன்முதலாக ஓட்டினார்கள். நல்ல நாள், விலை உயர்ந்த சரக்கில் தொடங்கலாம் என்று பரிசுப் பெட்டியையே முதலில் விட்டார்கள். எல்லோரும் பூசணிக்காய் உடைக்க வாசலுக்குப் போய்விட்டார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவள். பூஜைக்கு நிற்பதில்லை, பொரியும் கடலையும் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். அதனால் நான் மட்டும் உள்ளே, இயந்திரத்தின் பக்கத்தில் சும்மா நின்றிருந்தேன். பெட்டி வந்து நின்றது. தகடு இறங்கவில்லை. பின்னால் இன்னொன்று வருகிறது. ஐயோ, நசுங்கப்போகிறதே என்று உருளையின் ஓரத்தை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினேன். 'டக்'. பெட்டி உள்ளே போய், டேப் ஒட்டி, மறுபக்கம் வெளியே வந்தது. அதே நேரத்தில் வாசலில் பூசணிக்காய் உடைந்தது.

வாசலிலிருந்து இதைப் பார்த்த சூப்பர்வைசருக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா கை ராசியான கைங்க!" என்றார். எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூஜை அன்று எந்தக் கை பட்டு ஓர் இயந்திரம் ஓடத் தொடங்குகிறதோ, அடுத்த பூஜை வரை அந்தக் கையை அதிலிருந்து மாற்றமாட்டார்கள். அவர் சின்னப் பையனாக இருந்தபோதிருந்தே அப்படித்தானாம். மேனேஜருக்கு ராசியில் நம்பிக்கை இருந்ததோ என்னவோ, கூடுதல் செலவில்லாமல் ஒரு கோளாறு தீர்ந்ததில் நம்பிக்கை இருந்தது. ஸ்பிரிங்கும் எடைக்கல்லும் உதவாமல் போனதும் லேபிள் ஒட்டும் மேஜையிலிருந்து என்னைத் தூக்கி உருளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பூஜைக்கே நிற்காதவளைப் பூஜையின் பேரால் கட்டிப்போட்டார்கள். வீட்டில் சொன்னபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதல் வாரம் நானும் சிரித்தேன்.

கனமான பெட்டியும் இலேசான பெட்டியும் கலந்து வரும். எது எது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கனமானது வந்தால் கையை எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் விரல் நசுங்கும். இலேசானது வந்தால் அழுத்தவேண்டும். ஒரு பெட்டியைத் தவறவிட்டால் பின்னால் மூன்று சிக்கும். லைனை நிறுத்தலாமே என்றால், மேலே பாக்கெட்டின் வாயை ஒட்டும் இயந்திரத்தின் சூடு இறங்கிவிடும். மறுபடி சூடேறும் வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்கும்வரை நகரக்கூடாது. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை நகரக்கூடாது.

நகரக்கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று ஆண்களுக்குச் சொன்னால் புரிவதில்லை. கழிப்பறைக்குப் போக முடியாது என்று அர்த்தம்.

எங்கள் கழிப்பறை கூடத்துக்கு வெளியே, விறகுக் கொட்டகையையும் தாண்டி, பாசி பிடித்த படிகளில் இறங்கிப் போகவேண்டிய இடத்தில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் அத்தனை பேரும் அங்கே வரிசையில் நிற்பார்கள். மலைக் குளிரில் எதைக் குடித்தாலும் உடனே இறங்கிவிடும். நான் காலையில் காபியை நிறுத்தினேன். பிறகு தண்ணீரை நிறுத்தினேன். என் மகள் பள்ளிக்கு வைத்திருந்த பழைய பாட்டிலை நிரப்பி எடுத்துப்போவேன், மூடியைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவருவேன். அதை வாஷ்பேசினில் கொட்டும்போது என்மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அடிவயிற்றில் எரிச்சல். முதல் தடவை மாத்திரையில் போயிற்று. இரண்டாவது தடவை குளிர்காய்ச்சலோடு வந்தது. குன்னூரில் லேடி டாக்டரிடம் போனேன். அவர் என் முதுகில் கைவைத்து அழுத்தினார், நான் துள்ளிவிட்டேன்.

"தண்ணி குடிக்கிறதே இல்லையா? அடக்கி அடக்கி வெச்சிருக்கீங்க. இது இப்போ கிட்னி வரைக்கும் ஏறப் பாக்குது. இன்னொரு தடவை வந்தா மாத்திரையோட விடாதும்மா. அப்படி என்ன வேலை பாக்கறீங்க?"

"பெல்ட்டுல நிக்கிறேன் டாக்டர்," என்றேன். ஓர் உருளைக்குத் தெரியாத பெட்டியை நான் தெரிவித்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சூப்பர்வைசரிடம் போய் இடம் மாற்றிக் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தன் மனைவிக்குச் சளி என்றால் எங்களிடம் கஷாயம் கேட்கிற மனிதர்.

"பூஜை வரைக்கும் பொறுத்துக்கோங்க அக்கா. கையை மாத்தினா என்ன ஆச்சுன்னு பாத்தீங்கல்ல?"

பார்த்தேன்தான். பக்கத்தில் பெட்டி மடிக்கும் சேச்சி ஒரு நாள் எனக்காக அந்த இடத்தில் நின்றாள். கூடலூர்ப் பக்கத்துக்காரி, என்னைவிட மூத்தவள், பாதி மலையாளம் பேசுவாள். நான் படியிறங்குவதற்குள் அவள் விரல் உருளைக்கும் பெட்டிக்கும் நடுவில் மாட்டி நகம் பெயர்ந்துவிட்டது. பழகாத கை, மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் கூடத்தில் அது ராசிக்குச் சாட்சி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குப் பதிலாக யாரும் அங்கே நிற்க முன்வரவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

"பூஜை முடிஞ்சா மாத்திருவீங்கல்ல அண்ணா?"

"பூஜைக்கு நீங்கதானுங்க தொட்டுக் குடுக்கணும். இந்த வருஷம் பூரா லைன் எப்படி ஓடுச்சு!"

நான் தொட்டுக்கொடுத்தால் இன்னொரு வருஷம். அன்று மாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். சம்பளம் நின்றால் மகளின் ஹாஸ்டல் நிற்கும். வேலையை விட முடியாது. உடம்பையும் விட முடியாது.

அப்போதுதான் கோயமுத்தூரிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தான். டேப் இயந்திரத்துக்கு ஏதோ பழுது பார்க்க வந்தவன், என் கையை உற்று உற்றுப் பார்த்தான்.

"ஏனுங்க அக்கா, எதுக்குங்க அதை அமுக்கிட்டே இருக்கீங்க?"

சொன்னேன். அவன் பையிலிருந்து தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பாக ஒன்றை எடுத்தான். அதில் ஒரு சிவப்பு விளக்கு. பெட்டி வந்தால் அதன் மேல் ஒளி பட்டுத் திரும்புமாம். கனமா இலேசா என்று அதற்குக் கவலையில்லையாம். மேனேஜரிடம் கேட்டு, இரண்டு உருளைகளுக்கு நடுவில் அதை மேல்நோக்கிப் பொருத்தினான்.

"இப்ப கையை எடுங்க அக்கா."

எடுத்தேன். கை அந்தரத்தில் நின்றது. பரிசுப் பெட்டி வந்தது. 'டக்'. இன்னொன்று. 'டக்'. சேச்சி கை தட்டினாள். நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே நடந்தேன், படி இறங்கினேன். உருளைக்கு வந்த பிறகு, வரிசை இல்லாத நேரத்தில் அந்தக் கழிப்பறையை அன்றுதான் பார்த்தேன். திரும்பி வந்து பாட்டிலைத் திறந்து பாதியைக் குடித்தேன். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு லாரி வந்தது. ஷட்டரைத் தூக்கினார்கள். எங்கள் ஊரில் ஷட்டரைத் தூக்கினால் லாரிக்கு முன்னால் மஞ்சு என்கிற மூடுபனி உள்ளே வரும். தரையோடு தவழ்ந்து, மேஜைக் காலெல்லாம் சுற்றிக்கொண்டு, உருளைகளின் மேல் ஏறி நின்றது. கறுப்புப் பெட்டியின் ஒளி மஞ்சில் பட்டுத் திரும்பியது. தகடு இறங்கியது. அங்கே பெட்டி இல்லை. எழுந்தது, மறுபடி இறங்கியது. டக் டக் டக் என்று ஆளில்லாமல் ஆடத் தொடங்கியது. இரண்டு பெட்டிகள் சேர்ந்து இயந்திரத்துக்குள் போய் ஒன்றாக டேப் சுற்றிக்கொண்டு வெளியே வந்தன. கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டெக்னீஷியன் தலையைச் சொறிந்தான். "மஞ்சை மறந்துட்டனுங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, எதிர்ப்பக்கம் ஒண்ணுன்னு ஜோடியா வெச்சாப் போதும். நடுவுல பொருள் வந்தாத்தான் ஒளி அறுபடும், இந்த அளவு மஞ்சு ஒண்ணும் பண்ணாதுங்க. கீழ போய்க் கொண்டுவர்றேன்."

மேனேஜர் செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தீபாவளி ஆர்டர் முடியட்டும் தம்பி. அதான் இருக்குதே ஒரு கை."

டெக்னீஷியன் தன் கறுப்புப் பெட்டியைக் கழற்றிக்கொண்டான். போகும்போது என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "உங்க கைதானுங்க அக்கா பெஸ்ட் சென்சார்," என்றான். நல்ல பையன்தான். இருந்தாலும் அவன் பல்லை உடைக்கவேண்டும் போல இருந்தது. நான் மறுபடி உள்ளங்கையை உருளையின் மேல் வைத்தேன். அது ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது.

குடித்த பாதி பாட்டில் தண்ணீர் அன்று சாயங்காலம் வரை என்னைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு, பூஜைக்குச் சில வாரம் முன்னால், ஒரு மழை நாள். தீபாவளி ஆர்டர் மும்முரம், வருவதெல்லாம் பரிசுப் பெட்டிதான். காலையிலிருந்தே எனக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "அண்ணா, ரெண்டு நிமிஷம் லைனை நிறுத்துங்க," என்றேன். "இந்த லோடு மட்டும் அக்கா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். "இதோ ஆச்சுங்க, கடைசி," என்றார். மூன்றாவது தடவை அவர் லாரிப் பக்கம் போய்விட்டார், நான் கூப்பிட்டது இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. கை அழுத்திக்கொண்டே இருந்தது. டக். டக். என் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை.

முதலில் சூடாக இருந்தது, பிறகு குளிர்ந்தது. சேலை காலோடு ஒட்டிக்கொண்டது. செருப்புக்கு அடியில் சிமெண்டுத் தரையில் ஈரம் மெல்லப் பரவியது. எனக்கு நாற்பது கடந்துவிட்டது. பெண்ணைக் காலேஜில் படிக்கவைக்கிறவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிள் வாசிக்கிறவள். யாரும் பார்க்கக்கூடாது ஆண்டவரே, யாரும் பார்க்கக்கூடாது என்று மட்டும் மனதுக்குள் ஓடியது. அப்போதும் நான் கையை எடுக்கவில்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

சேச்சி பார்த்துவிட்டாள். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை. மேஜையிலிருந்து தன் பெரிய பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்தவள், கால் இடறியதுபோல் சாய்ந்து, பிளாஸ்க்கில் இருந்த ஆறிப்போன, பால் விடாத கட்டன் சாயா முழுவதையும் என் சேலையிலும் தரையிலும் கொட்டினாள்.

"அய்யோ, எண்டெ கை தவறிப் போச்சே! சூடு பட்டோ மோளே?" என்று கூடமே கேட்கும்படி கத்தினாள். பிறகு குனிந்து துடைப்பதுபோல் என் காதருகே வந்து, "ஒண்ணும் இல்ல. சாயாதான்," என்றாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "பாத்து வரக்கூடாதா சேச்சி?" என்று அவளைத் திட்டினார். அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள். நான் டீயில் நனைந்த சேலையோடு, சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பெட்டிகளை அழுத்தி அனுப்பினேன். மேனேஜர் அந்த வழியாகப் போனார், தரையைப் பார்த்தார், "இதைத் துடைங்கப்பா, யாராவது வழுக்கிருவாங்க," என்றார். என்னைப் பார்க்கவில்லை.

அன்று இரவு காய்ச்சல் இல்லை, அழுகையும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது. பெட்டி வந்து நிற்பது அந்த உருளைக்குத் தெரியாது. நான் நிற்பது இவர்களுக்குத் தெரியாது. உருளைக்காவது மூளை இல்லை.

மறுநாள் காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காபி குடித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டுக்கு வெளியே நின்று தண்ணீரும் குடித்தேன். பிறகு போய் என் இடத்தில் நின்றேன். லைன் ஓடத் தொடங்கியது. சூப்பர்வைசர் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்குப் போயிருந்தார். மேனேஜர்தான் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு அவசரம் வந்ததும் அவரிடம் சொன்னேன்.

"சார், வெளிய போய்ட்டு வர்றேன்."

"இந்த லோடு முடிச்சுட்டுப் போலாம்மா," என்றார், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் கையை எடுத்தேன். அதட்டவில்லை, வாதாடவில்லை. உருளையிலிருந்து கையை எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, வாசல் வழியாக வெளியே நடந்தேன். மஞ்சு படியை மறைத்திருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன். மேலே முதல் பெட்டி விழுந்த சத்தம் கேட்டது. இரண்டாவது. பிறகு யாரோ ஓடும் சத்தம், மேனேஜர் கத்தும் சத்தம். வேலை போகும் என்றுதான் நினைத்தேன். மகளிடம் என்ன சொல்வது என்றும் யோசித்தேன். ஆனால் திரும்பி ஓடவில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவினேன், முகமும் கழுவினேன்.

திரும்பி வந்தபோது சத்தம் அடங்கியிருந்தது. 'டக்' என்று தகடு இறங்கிக்கொண்டிருந்தது. உருளைக்குப் பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை ஏற்றிவிட்டு, உள்ளங்கையால் உருளையை அழுத்திக்கொண்டிருந்தார். கண் பெட்டிகளை விட்டு நகரவில்லை. கூடத்தில் ஒருவரும் அவருக்குப் பதிலாகக் கை கொடுக்கப் போகவில்லை. தங்களுடையது ராசியில்லாத கையாயிற்றே. சேச்சி குனிந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

அவர் பேன்ட்டின் வலது பையில் செல்போன் அடித்தது. வலது கையை எடுக்க முடியாது. இடது கை அந்தப் பைக்கு எட்டவில்லை.

"எங்கம்மா போனீங்க? சீக்கிரம் வாங்க, பார்ட்டி கூப்பிடறாங்க," என்றார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் தலையைத் திருப்பி என்னைப் பார்க்க அவருக்கு நேரம் இல்லை. அடுத்த பெட்டி வந்துவிட்டது.

நான் மேஜையிலிருந்து என் மகளின் பழைய பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திருகினேன். தண்ணீர் பல் கூசும் அளவுக்குச் சில்லென்று இருந்தது.

"இதோ வர்றேன் சார்," என்றேன். "தண்ணி குடிச்சுட்டு."

செல்போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.